ஐந்து பவுண் அணில்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓமந்தையில் வசிக்கும் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் பேச வேண்டுமென்று கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றையோ பெண்கல்வியையோ பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்துக் குறிப்புகள் எடுக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் செயலாளர் திரும்பவும் தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், வரலாறு பேச நாலு பேர் இருக்கினம். நீங்கள் போன வருசம் ஒரு அணிலை வைத்துப் பார்த்தனீங்களாம், அதைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்றார். முப்பத்தைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்குக் கடைசியில் கிடைத்த தலைப்பு அணில். சரியென்று ஒத்துக்கொண்டேன். செய்தி எப்படியோ ரொறன்ரோவுக்கும் போய், அங்கிருந்து என் விடுதிச் சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள். "எடியே, நாங்கள் கொன்றதையும் சொல்லப் போறியோ?" என்றாள். சொல்லத்தான் போகிறேன். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

1969 ஆம் ஆண்டு. நாங்கள் ஏழாம் வகுப்பு. விடுதிக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போகும் வழியில் நின்ற வேம்பின் கீழே ஓர் அணிற்குஞ்சு கிடந்தது. கண் அரைவாசி திறந்திருந்தது. முதுகில் மூன்று கோடும் பென்சிலால் கீறியது போலத்தான் தெரிந்தன. நாங்கள் இருவரும் அதைக் கைலேஞ்சியில் சுற்றி, கேத்திரகணிதப் பெட்டிக்குள் வைத்து, மேற்றனுக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒளித்தோம். காலைத் தேநீருக்கு வரும் பசுப்பாலில் கொஞ்சத்தைக் கரண்டியில் எடுத்துவைத்து, பேனைக்கு மை விடும் பில்லரைக் கழுவி, அதன் வாய்க்குள் விட்டோம். முழுப் பில்லரும் விட்டோம். அது தும்மியது. மூக்கால் பால் வந்தது. நன்றாகக் குடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டோம். முதல் நாள் இரவு வயிற்றாலே போனது. மூன்றாம் நாள் காலை பெட்டியைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. அதே வேம்பின் கீழே புதைத்து, மேலே ஒரு நந்தியாவட்டைப் பூவும் வைத்துவிட்டு, முதலாம் பாடத்துக்கு ஓடினோம். அன்றைக்கு எங்களுக்கு விஞ்ஞானப் பரீட்சை. எனக்கு எழுபத்தெட்டுப் புள்ளி. பாலூட்டிகளின் இயல்புகளை எழுதும் கேள்விக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

இனி ஓமந்தைக்கு வருகிறேன். ஓமந்தை என்றவுடன் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது முதல் 2006 ஆவணியில் மூடியது வரை, யாழ்ப்பாணம் போனவர்களும் வந்தவர்களும் பயணப்பையோடு இறங்கி நடந்த இடம் அது. 2009 இல் வன்னியிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்த சனம் வரிசையில் நின்ற இடமும் அதுதான். எனக்கு அது கலியாணம் முடித்துப் போன ஊர். வவுனியாவிலிருந்து வடக்கே போனால், வயலும் குளமும் பனையும் பாலை மரமுமாக இருக்கும். 1997 வைகாசியில் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டோம். திரும்பி வந்து குடியேறியது 2010 இல். திறப்பு இருந்தது. கதவு இருக்கவில்லை, கூரையும் இருக்கவில்லை. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. முற்றத்தில் ஆளுயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை.

அந்த முதல் மாதங்களில் எங்கள் வளவில் ஒரு சத்தமும் இல்லை. அதை அப்போது கவனிக்கவும் இல்லை. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு கொய்யா, மா, முருங்கை என்று நட்டோம். ஒரு நாள் விடியப்புறம், கொய்யாவிலிருந்து "கீச் கீச் கீச்" என்று மூச்சுவிடாமல் ஓர் அணில் கத்தியது. இவர் அப்போது உயிரோடு இருந்தார். பல் தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "ஆள் வந்திட்டார்" என்றார். அதற்குப் பிறகு நல்ல பழமெல்லாம் அணில் கோதியதாகத்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஆனாலும் அவர் ஒரு நாளும் அணிலுக்குக் கல் எறிந்ததில்லை.

2024 ஐப்பசி, மழை தொடங்கிய கிழமை. அந்த வருடம் என் மகள் வேலை காரணமாகக் கொழும்பில். பேத்தி என்னோடு இருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் நாலு மணியிருக்கும். எங்கள் பூனை வாயில் எதையோ கவ்விக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றது. பேத்தி குழறினாள். நான் தும்புத்தடியை எடுக்க, பூனை வாயை விட்டுவிட்டு ஓடியது. நிலத்தில் கிடந்தது ஓர் இளம் அணில். குஞ்சு என்று சொல்ல முடியாது, கண் நன்றாகத் திறந்து உரோமம் முழுக்க வளர்ந்திருந்தது. பெரிதும் அல்ல. வலது பின்னங்கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது.

கண்டகண்ட பிராணிகளையெல்லாம் பூனை பிடிக்கும். இது எங்களுடைய பூனை என்பதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. நாங்கள் சோறு போட்டு வளர்த்த வாய்.

"அம்மம்மா, இது சாகுமோ?"

"பொறு பிள்ளை. முதல் ஒரு துவாய் எடுத்துக்கொண்டு வா."

அடிபட்ட அணிலை வெறுங்கையால் தூக்கக் கூடாது. நோவில் இருக்கிற பிராணி யாரென்று பார்க்காமல் கடிக்கும். வாலில் பிடித்துத் தூக்கினால் வாலின் தோலே உரிந்து வந்துவிடும். துவாயை மேலே போட்டு, உடம்போடு சேர்த்து அள்ளி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் விட்டேன். மூடியில் ஊசியால் துளைகள். பெட்டிக்கடியில் ஒரு பாதிக்கு மட்டும், துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல். ஏன் பாதிக்கு மட்டும் என்றால், சூடு கூடினால் அது மற்றப் பக்கம் நகர வேண்டும். பெட்டியை இருட்டான சாமி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பயத்தாலேயே சாகும் சாதி அது. நாங்கள் ஆசையோடு எட்டி எட்டிப் பார்ப்பது அதற்குப் பூனை பார்ப்பது போலத்தான்.

பேத்தி உடனே பால் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மண்டபத்தில் பாதிப் பேராவது ஒரு நாள் ஓர் அணிற்குஞ்சுக்குப் பசுப்பால் கொடுத்திருப்பீர்கள். உடம்பு குளிர்ந்துபோன சிறு பிராணிக்கு வயிறு வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகு நீர், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. இந்த வரிசை மாறினால் நாங்கள் கொடுக்கும் சாப்பாடே அதற்கு வினையாகிவிடும். பசுப்பால் அதற்கு உரியதும் அல்ல. அணிலின் தாய்ப்பாலில் கொழுப்புக் கூட, பாற்சீனி குறைவு. பசுப்பாலில் இருக்கிற பாற்சீனியை அந்தச் சின்னக் குடல் சமிக்காமல் வயிற்றாலே போகும். விரலளவு உடம்பில் இருக்கிற நீர் ஒரு இரவுக்குள் போய்விடும். மூக்கால் பால் வந்ததென்றால் அது நன்றாகக் குடித்ததற்கு அடையாளம் அல்ல. பால் நுரையீரலுக்குள் இறங்கியதற்கு அடையாளம். 1969 இல் நாங்கள் மூன்று பிழையையும் ஒரே காலைக்குள் செய்து முடித்திருந்தோம். மேற்றனிடம் பிடிபட்டிருந்தால் ஒருவேளை அந்தக் குஞ்சு பிழைத்திருக்கும்.

அன்றிரவு ஜீவனி கரைத்த தண்ணீர் மட்டும்தான் கொடுத்தேன். ஊசி இல்லாத ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சால், வாயின் ஓரத்தில், ஒவ்வொரு துளியாக, அது நக்க நக்க. மல்லாத்திப் போட்டுக் கொடுக்கக் கூடாது. நாலு காலும் கீழே இருக்க, தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும். இரவு பத்துக்கும் ஒன்றுக்கும் நாலுக்கும் எழும்பினேன். கைக்குழந்தை வைத்திருந்த காலத்துக்குப் பிறகு அப்படி எழும்பியது, இவருடைய கடைசி மாதங்களில்தான்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது கழுத்தடியில் உரோமத்துக்குள் இரண்டு சின்னத் துளைகள். குண்டூசியால் குத்தியது போல. இரத்தமே இல்லை. அதைக் கண்டதும் பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். பூனைப்பல் பட்ட காயத்தை நம்பக் கூடாது. வெளியே துளை சின்னது, உள்ளே கிருமி ஆழத்தில். மருந்தில்லாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் இரத்தம் நஞ்சாகிச் சாகும். கால் முறிந்தது நாளைக்குப் பார்க்கலாம். பூனை கடித்தது இன்றைக்கே பார்க்க வேண்டும்.

மிருக வைத்தியர் இளம் பொடியன். என்னை ரீச்சர் என்று கூப்பிட்டதில் யாரோ என்னிடம் படித்த பிள்ளையின் பிள்ளையாக இருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் மாடும் ஆடும் நாயும் பார்க்கிறனான் ரீச்சர். இதுக்கு மருந்து தரலாம், ஆனால் நிறை சரியாத் தெரிய வேணும். என்ரை தராசில இது சைபர் எண்டுதான் காட்டும்" என்றார். நிறைக்கேற்ற அளவு தப்பினால் மருந்தே நஞ்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு நகைக்கடையில், துணிப்பையோடு தராசில் வைத்து, பிறகு பையை மட்டும் வைத்துக் கழித்தார்கள். நாற்பது கிராம். "சரியா ஐஞ்சு பவுண் அம்மா. செய்கூலி சேதாரம் இல்லை" என்றார் கடைக்காரர். கடையில் தாலிக்கொடி பார்க்க வந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அதற்குப் பெயர் வந்தது. பவுண்.

கிருமிக்கொல்லி மருந்து துளிக்கணக்கில், நாளுக்கு இரண்டு வேளை. நோவுக்கும் அவரே அளந்து தந்தார். கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. மட்டை வைத்துக் கட்டினால் அணில் கட்டையும் கடிக்கும், காலையும் கடிக்கும், ஆகவே கட்டவில்லை. மூன்று கிழமைக்கு ஏறாமல் பாயாமல் சின்னக் கூட்டில் வைத்திருங்கள், எலும்பு தானாகப் பொருந்தும், கொஞ்சம் கோணலாகத்தான் பொருந்தும் என்றார். பாலுக்கு நாய்க்குட்டிகளுக்கென்று விற்கிற பால்மா நல்லதென்றார். அது கிடைக்க இரண்டு நாள் எடுத்தது. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஆட்டுப்பால். பசுப்பாலை விடப் பரவாயில்லை, தாய்ப்பாலுக்கு ஈடில்லை. ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: உடம்பு நிறையில் நூற்றுக்கு ஐந்து. நாற்பது கிராமுக்கு இரண்டு மில்லிலீற்றர். அதாவது அரைத் தேக்கரண்டியை விடவும் குறைவு. இதற்குமேல் அது எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது. கண் திறக்காத குஞ்சாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் பாலுக்குப் பிறகு, நனைத்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து கீழே மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடாவிட்டால் அதற்குச் சலம் போகாது. பவுணுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. என் மடியில் தாராளமாகவே போனது.

எங்கள் ஊரில் ஒரு செய்தி பரவ ரெலிபோன் தேவையில்லை. அடுத்த நாளே ஆலோசனை வரத் தொடங்கியது. மச்சாள் ஒருவர் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். உரோமத்தில் எண்ணெய் பட்டால் அது நாள் முழுக்க நக்கும், உடம்பும் குளிரும். உப்புத் தண்ணீரில் காயத்தைத் துடைத்தால் போதும் என்று சொல்லி, அவர் மனம் நோகாமல் மஞ்சளை என் முழங்காலுக்குப் பூசிக்கொண்டேன். முன்வீட்டுத் தம்பி அரைவாசிப் பனடோல் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். எங்களுக்குச் செய்த குளிசை எங்களுக்குத்தான். ஐந்து பவுண் உடம்புக்கு அரைவாசிப் பனடோல் என்றால் என்னவாகும் என்று அவரையே கணக்குப் பார்க்கச் சொன்னேன். பேத்தியின் சிநேகிதிகள் பிஸ்கற் கொண்டுவந்தார்கள். அதையும் மறுத்தேன். இது கடுமையாகத் தெரியும், ஆனால் பிஸ்கற்றும் பாணும் கச்சானும் மட்டும் தின்று வளர்கிற அணிலுக்குச் சுண்ணாம்புச்சத்துப் போதாமல் எலும்பு மெழுகாகிவிடும். முறிந்த ஒரு காலைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மற்ற மூன்றும் வளையும். எனக்கு உதவியது மீன் விற்கிறவர்தான். கணவாய் ஓடு இரண்டு கொண்டுவந்து தந்தார். சுண்ணாம்புச்சத்துக்கும் அதுதான், பல் தேய்க்கவும் அதுதான். அணிலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க ஏதும் இல்லாவிட்டால் வாயை மூடவே முடியாமல் போகும். பால் குறையக் குறைய கொய்யா, பப்பாசி, இளம் முருங்கை இலை, சிரட்டையோடு ஒட்டிய தேங்காய்ச் சொட்டு. காலையில் அரைமணித்தியாலம் இளவெயில்.

பத்தாம் நாள் மருந்து கொடுக்கையில் என் சுட்டுவிரலைக் கடித்தது. நல்ல கடி. எல்லோரும் "அணில்தானே" என்றார்கள். விசர்நாய்க்கடி நோய் என்று பெயர் இருந்தாலும் அது நாய்க்கு மட்டும் உரிய நோயல்ல, பாலூட்டி எதற்கும் வரலாம். அணிலால் வருவது அரிது என்பது உண்மை. ஆனால் இதைக் கடித்த பூனை எங்கெங்கே திரிந்ததென்று எனக்குத் தெரியுமா? சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஊசி தேவையா இல்லையா என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும், நாங்கள் வீட்டில் இருந்து முடிவுசெய்யக் கூடாது. அன்று முதல் பேத்திக்கு ஒரு சட்டம் போட்டேன். பார்க்கலாம், சாப்பாடு வைக்கலாம், கூட்டுக்குள் கை விடக் கூடாது.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. பவுண் எங்களைப் பழகத் தொடங்கியிருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டால் கூட்டின் வாசலுக்கு வந்து நிற்கும். பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையை எறிந்துவிட்டு நேரே அதனிடம் போவாள். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை. ஒரு நாள் கேட்டாள், "அம்மம்மா, கால் சுகமில்லாததுதானே, இஞ்சயே வைச்சிருப்பமே?" நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் விருப்பம். அந்த வீட்டில் இரவில் மூச்சுவிடுகிற சத்தம் ஒன்று கூடுதலாகக் கேட்பது எனக்கும் நல்லாய் இருந்தது.

மச்சாள்தான் பேச்சை எடுத்தார். அவர் இராமர் அணிலின் முதுகைத் தடவின கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அணை கட்ட மணல் சுமந்த அணில், மூன்று விரல், மூன்று கோடு, உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடிவைத்த அணில்களும் இவைதான். கதை முடிந்ததும் பேத்தி கேட்டாள், "பிறகு இராமர் அதை வீட்டை கொண்டு போனவரோ?" மச்சாள் யோசித்துவிட்டு, "இல்லைப் பிள்ளை, விட்டிட்டார்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேத்தியும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை. வவுனியாவிலும் வெள்ளம். கூட்டைச் சாமி அறையில் வைத்து நாங்கள் மூன்று உயிரும் ஐந்து நாள் வீட்டுக்குள் இருந்தோம். பூனை நாலாவது உயிர். அதை வேறாக ஓர் அறையில் பூட்டி வைத்தேன். பூனையைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடச் சொன்னார்கள். வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி வயலில் விடுவதும் ஒரு கொலைதான். மாலை நாலு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை அது உள்ளே, நல்லாய்ச் சாப்பிட்ட பிறகுதான் வெளியே. இன்றைக்கும் அந்த ஒழுங்குதான். அதற்கு என்னோடு கோபம்.

இங்கே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் செய்ததைப் பார்த்து நீங்களும் செய்யப் போகாதீர்கள், சட்டத்தில் மாட்டுவீர்கள். ஒன்ராறியோவில் காயப்பட்ட காட்டுவிலங்கை, அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடமோ மிருக வைத்தியரிடமோ கொண்டுசேர்க்க 24 மணித்தியாலம்தான் வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் சாம்பல்நிற அணில் அமெரிக்காவிலிருந்து வந்தேறியது என்பதால், காப்பாற்றியதைத் திரும்ப வெளியே விடவே தடை. அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரத்தில் நம் அணிலின் இந்திய உறவு, ஐந்து கோட்டு அணில், 1898 இல் மிருகக்காட்சிசாலையிலிருந்து வெளியே போய்ப் பெருகி, அங்கே வேண்டாத விருந்தாளி. ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிற நம்மட சனத்தின் நிலைமைகளைப் போலத்தான் அணிலின் நிலைமையும். இலங்கையில் இருப்பவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது. மரத்தால் விழுந்த குஞ்சு எல்லாம் அநாதை அல்ல. காயமில்லாமல், உடம்பு சூடாக இருந்தால், ஒரு சின்னப் பெட்டியில் துணி வைத்து, அதே மரத்தடியில், நாய் பூனை எறும்பு அணுகாமல், நிழலில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். பகலில் சில மணித்தியாலம். தாய் வரும். வாயால் கவ்வி, உருட்டிப் பந்தாக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். மனிசர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்க்கதை. இதை நான் படித்து அறிந்தபோது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 1969 இல் அந்த வேம்பில் ஓர் அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கொப்பில் மேலும் கீழுமாக ஓடியது. குஞ்சைக் கடிக்க வருகிறதென்று நினைத்து, சிநேகிதி குனிந்து குஞ்சை எடுக்க, நான் கல் எறிந்து அதைத் துரத்தினேன். இவர் எங்கள் வளவில் அணிலுக்குக் கல் எறிந்ததில்லை என்று முன்னே சொன்னேன். எறிந்தவள் நான்.

இதை ரொறன்ரோக்காரிக்குப் போன கிழமைதான் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

மார்கழி முழுக்கப் பவுணுக்குப் பயிற்சி. கோழிவலை அடித்த பெரிய கூடு ஒன்றை ஆசாரியார் செய்து தந்தார். உள்ளே கொய்யாக் கொப்பும் பனைமட்டையும். கால் வைத்தியர் சொன்னபடி கோணலாகத்தான் பொருந்தியது. நிலத்தில் ஓடும்போது கெந்தும், மரத்தில் ஏறும்போது தெரியாது. தேங்காய்த் தும்பு போட்டுவைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதை வாயால் சிக்கெடுத்து, உருட்டி, ஒரு மூலையில் கூடு கட்டத் தொடங்கியது. அதைக் கண்ட பிறகு எனக்குச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. கூட்டை அப்படியே மாமரத்தில் உயரக் கட்டினோம். நாங்கள் கிட்டப் போவதையும் பேசுவதையும் குறைத்தோம். தைப்பொங்கல் முடிந்த அடுத்த நாள், பூனையைப் பூட்டிவிட்டு, கூட்டுக் கதவைப் பேத்திதான் திறந்தாள். புது வகுப்புக்குக் கொழும்புக்குப் போக அவளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

பவுண் வெளியே வரவில்லை. ஒரு மணித்தியாலம் நாங்கள் திண்ணையில் குந்திக்கொண்டிருந்தோம். பிறகு எப்போது போனதென்று தெரியாது. நான் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரம் அது. பின்னேரம் திரும்பி வந்து கூட்டுக்குள் வைத்த கொய்யாவைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்தது. நாலு இரவு அப்படி வந்தது. ஐந்தாம் இரவு கூடு வெறுமை. பேத்தி வெளிக்கிடும் நாளன்று காலை வேலியோரப் பனையில் ஒன்று நின்று கத்தியது. அதுதான் என்றாள். நானும் ஓமென்றேன்.

பங்குனி 15 ஆம் திகதி, 2025, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை நாடு முழுக்க விலங்குகளைக் கணக்கெடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பயிரழிக்கும் குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் அவரவர் வளவில் எண்ணி எழுத வேண்டும். நானும் படிவத்தோடு திண்ணையில் இருந்தேன். தென்னைக்காரரின் நட்டம் எனக்குத் தெரியும், குரும்பட்டி எத்தனை போகிறதென்று நானும் எண்ணுகிறவள்தான். ஆனால் தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூரில் அதே மர அணிலுக்கென்று 1988 இலிருந்து ஒரு சரணாலயமே இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் வளவில் ஏழு குரங்கும் இரண்டு மயிலும். மூன்று கோட்டு அணில் எண்ணச் சொன்ன பட்டியலில் இல்லை. ஆனாலும் பார்த்தேன். நாலு நின்றன. மரத்தில் நின்றபடியால் எது கெந்துவது என்று தெரியவில்லை.

பேத்தி ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணிக்கு வட்ஸ்அப்பில் கூப்பிடுகிறாள். முதல் கேள்வி, "அம்மம்மா, பவுண் வந்ததோ?" வந்தது என்கிறேன். சில நாளில் அது உண்மையாக இருக்கலாம். கூட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், உள்ளே வைக்கிற கொய்யாத் துண்டு காலையில் இருப்பதில்லை. அதைத் தின்பது யாரென்று நான் எழும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. இந்த உரையை நூற்றாண்டு மலரில் போடப் போவதாகச் செயலாளர் சொல்கிறார். பேத்தி இப்போது நன்றாகத் தமிழ் வாசிக்கிறாள். மலர் கைக்கு வருவதற்கு முன்னால் நானே அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.